ஷார்ஜாவில் நான் வாசித்த ஜெபக் குறிப்பு

மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டு ஷார்ஜாவில் போய் இறங்கிய ஊழியக் குழு எங்களுடையதாக மட்டும்தான் இருக்கும். ஆப்பிரிக்கா போவதாகத்தான் ஏற்பாடு. தான்சானியாவில் ஒரு சபை எங்களை அழைத்திருந்தது. புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது அந்தச் சபைக்குள் இரண்டு கோஷ்டியாகச் சண்டை வந்து, இப்போது வர வேண்டாம் என்று செய்தி வந்தது. எங்கள் கையில் அறுநூறு மூக்குக் கண்ணாடிகளும் வீங்கிய தோள்களும் மிச்சம். அந்த நேரத்தில் ஷார்ஜாவில் இருக்கும் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ ஐக்கியம், "இங்கே வாருங்கள், தொழிலாளர் கேம்ப்களில் வெள்ளெழுத்து வந்தவர்கள் ஏராளம்" என்று எழுதியது. ஆப்பிரிக்கா அரபு நாடாயிற்று.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு செப்டம்பர் மாதம். நாங்கள் நான்கு பேர். போதகர், இரண்டு நர்ஸ்கள், நான். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கண் பார்வை அளப்பது என் வேலை. எனக்குப் பக்தி அதிகம் என்று யாரும் சொன்னதில்லை. லென்ஸ் பெட்டியைத் திறந்து மூடத் தெரிந்த ஆள் வேண்டும் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் நாள் எங்களைத் தொழில்பேட்டையில் ஒரு கேம்புக்கு அழைத்துப் போனார்கள். வாசல் காவலாளி நெட்டையான கறுப்பு மனிதர். எங்கள் போதகர் தான்சானியாவுக்காகப் பத்து சுவாஹிலி வார்த்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அதை வீணாக்க மனமில்லாமல் அவரிடம் "ஜாம்போ" என்றார். அவர் சூடான்காரர். அரபியில் ஏதோ சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார். பக்கத்தில் நின்ற தமிழர் எங்களுக்கு விளக்கினார். "செருப்பை வெளியே விடச் சொல்றாரு ஐயா."

கேம்ப் என்றால் தகரக் கூரையடியில் நீளமாக அறைகள். அறைக்கு எட்டுப் பேர். கட்டிலுக்கு மேல் கட்டில். நம் ஊரில் கண் முகாம் என்றால் விடியும் முன்பே கூட்டம் வந்து மேசையைச் சாய்த்துவிடும். இங்கே ட்யூட்டி முடித்துக் குளித்து, தலைவாரி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். வரிசையில் நிற்கச் சொல்லவே வேண்டாம். குளிக்க, சமைக்க, ஊருக்குப் போன் பேச, எல்லாவற்றுக்கும் அவர்கள் வரிசையில் நின்று பழகியிருந்தார்கள்.

செருப்பைப் பற்றிச் சொன்ன அந்தத் தமிழர்தான் முத்தையா. விளாத்திகுளம் பக்கம். நாற்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்து இரும்பு யார்டில் கிரேன் ஆபரேட்டர். எனக்கு இந்தி "அச்சா" அளவில் நின்றுவிடும் என்று தெரிந்ததும் அவராகவே என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். பீகாரிகள், பெஷாவர்க்காரர்கள், வங்காளிகள் எல்லோருக்கும் அவர்தான் மொழிபெயர்ப்பு.

எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஆங்கில 'ஈ' எழுத்து நாலா பக்கமும் திரும்பி நிற்கும் அட்டையைத்தான் மாட்டுவேன். அதன் கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று கையால் காட்டினால் போதும். மேலே, வலது, கீழே, கீழே, இடது என்று முத்தையாவும் கூடவே சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு பெஷாவர் வெல்டருக்குக் கண்ணாடி மாட்டியதும் அவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் கை இவ்வளவு அழுக்கா, யாரும் சொல்லவே இல்லையேன்னு கேக்குறாரு சார்" என்றார் முத்தையா.

"நீங்களும் பாத்துக்குங்களேன்" என்றேன் அவரிடம்.

"எனக்குக் கண்ணு நல்லாருக்கு சார்" என்று எழுந்துபோய் எனக்குச் சுலைமானி கொண்டுவந்தார். பால் இல்லாத அந்தத் தேநீரில் எலுமிச்சை பிழிந்திருந்தார்கள். முதல் நாள் முகம் சுளித்தேன். மூன்றாம் நாள் நானே கேட்டு வாங்கினேன்.

சாப்பாடும் கேம்ப் மெஸ்ஸில்தான். குபூஸ் என்கிற ரொட்டி, பருப்பு, கோழிக் குழம்பு. குபூஸ் சூடாக இருக்கும்வரை ரொட்டி, ஆறினால் அட்டை. நர்ஸ்கள் இருவரும் ஊரிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாய் நான்கே நாளில் தீர்ந்தது. மெஸ்காரர் மலையாளி, அதைப் பங்குபோட்டுத் தின்றதில் அவருக்கும் கை உண்டு.

வியாழக்கிழமை பகலில் துபாயில் தேரா கடைத்தெரு பார்க்கப் போனோம். ஐக்கியத்தின் பழைய வேனை ஓட்டியவர் ஒரு பட்டாணியர். பாதி வழியில் வேன் புகைவிட்டு நின்றது. அவர் பானெட்டைத் திறந்து பார்த்து, மூடி, அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டி, "கலாஸ்" என்றார். முடிந்தது என்று அர்த்தம். அந்த வெயிலில் ஒன்றரை மணி நேரம் சாலையோரம் நின்றோம். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி இனிமேல் குறை சொல்வதில்லை என்று போதகர் தீர்மானித்தார். ஊர் திரும்பியதும் மறந்துவிட்டார்.

வேறு வண்டி பிடித்துப் போய், அப்ராவில் ஏறிக் கால்வாயைக் கடந்தோம். அப்ரா என்பது மரப்படகு. நடுவில் பலகை, இரண்டு பக்கமும் முதுகோடு முதுகு சாய்த்து உட்கார வேண்டும். அக்கரையில் பெட்டிக் கடை வைத்திருந்த கீழக்கரைப் பாய் ஒருவர், எங்கள் தமிழ் காதில் விழுந்ததும் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஆப்பிரிக்காக் கதையைக் கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஆப்பிரிக்காவா? அந்த ஆளுகளே பூரா இங்கதான வந்து சரக்கு எடுக்குறாங்க. உங்க ஊழியத்தை என் கடை வாசல்லயே வச்சு முடிச்சிருக்கலாமே" என்றார். அவருக்கும் ஒரு கண்ணாடி கொடுத்தோம். எங்களுக்குப் பேரீச்சம்பழம் கிடைத்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அங்கே அன்றுதான் விடுமுறை, அதனால் அன்றுதான் ஆராதனை. ஒரே வளாகத்தில் ஒரு அறையில் மலையாளம், ஒரு அறையில் உருது, அடுத்ததில் பிலிப்பைன்ஸ்காரர்களின் கிடார். எங்கள் அறையில் இருநூறு தமிழர்கள். பாதிப் பேர் கேம்ப்களிலிருந்து வந்தவர்கள். கிறிஸ்தவர்கள் அல்லாதவர்களும் நண்பர்களோடு வருவார்கள். ஏசி இருக்கும், நாலு பேரைப் பார்க்கலாம், முடிந்ததும் பிரியாணி உண்டு. முத்தையாவும் அப்படித்தான் வந்திருந்தார். அழைத்து வந்தவர் ஆரோக்கியசாமி. தூத்துக்குடிக்காரர், அறையில் முத்தையாவுக்கு மேல் கட்டில், யார்டில் முத்தையாவின் கிரேன் கொக்கியில் இரும்பைக் கட்டிக் கை காட்டுகிற ஆள்.

விண்ணப்ப நேரம் வந்ததும் போதகர் என்னைக் கூப்பிட்டார். எங்கள் ஊர்ச் சபையில் ஜெபக் குறிப்பு வாசிப்பது பன்னிரண்டு வருஷமாக நான்தான். தங்கள் குறையைச் சீட்டில் எழுதிக் காணிக்கைப் பையில் போடுவார்கள், அதை எடுத்துச் சபைக்கு முன் வாசிக்க வேண்டும். எழுதியதை எழுதியபடியே வாசிக்க வேண்டும் என்பது எங்கள் சபையில் எழுதாத சட்டம். ஒருமுறை 'மகளுக்குக் கல்யாணத் தடை' என்பதை நாகரிகமாக 'குடும்பத் தேவை' என்று வாசித்துவிட்டேன். அந்த அம்மா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. பெயர், தெரு, வியாதி எல்லாம் சொன்னால்தான் ஜெபம் விலாசம் தப்பாமல் போகும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. எனக்குக் கணீரென்ற குரல். மைக் தேவையில்லை.

பதினைந்து சீட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனேன். ஒன்பதாவதோ பத்தாவதோ இப்படி இருந்தது.

"முத்தையா, கிரேன் ஆபரேட்டர். வலது கண் பார்வை மங்கிப் போய்விட்டது. கம்பெனிக்குத் தெரியாமல் இன்னும் ஏழு மாதம் கழிய வேண்டும். பிறகு லீவில் ஊருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு, திரும்ப வந்து இதே வேலையைப் பார்க்க வேண்டும்."

வாய் முந்திக்கொண்டது. புத்தி பின்னால் வந்து சேர்ந்தபோது கடைசி வார்த்தையும் வெளியே போய்விட்டது. பழக்கப்படி, "இவருக்காக ஜெபிப்போம்" என்று வேறு சொன்னேன். இருநூறு பேரும் சத்தமாக ஆமென் என்றார்கள்.

பிரியாணிப் பொட்டலம் கொடுக்கும் இடத்தில் முத்தையா என்னிடம் வந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சாமிக்குன்னுதான சார் எழுதிக் குடுத்தேன்" என்றார்.

"எங்க ஊர்ல இப்படித்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அது ஒரு பதிலா?

"அந்த மூணாவது வரிசைல வெள்ளைச் சட்டை போட்டு உக்காந்திருந்தாரே, அவரு எங்க யார்டு சேப்டி ஆபீசரு சார்."

அவர் பெயர் ஜெபராஜ். மார்த்தாண்டத்துக்காரர். ஐக்கியத்தின் செயலாளரும் அவர்தான். சற்று நேரத்தில் அவரே என்னை ஓரமாக அழைத்துப் போனார். கையில் பிரியாணிப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது.

"பிரதர், கம்பெனிக்குத் தெரியக் கூடாதுன்னு நீங்க வாசிச்சதுக்கு நானும் ஆமென்னு சொல்லிட்டேன். நானே கம்பெனி. நாளைக்குக் காலைல அவன் கிரேன்ல ஏறினா நான் என்ன செய்ய?"

அவரே தொடர்ந்தார்.

"கம்பெனி டாக்டர்கிட்ட அனுப்பினா நேரா விசா கேன்சல்தான். நீங்க கண்ணு பாக்குற ஆள். நாளைக்கு யார்டு ஆபீசுக்கு வாங்க. ஓட்டலாம்னு நீங்க சொன்னா நான் எதையும் கேக்கலைன்னு விட்டுருதேன்."

மறுநாள் சனிக்கிழமை, காலை ஏழு மணி. யார்டு ஆபீஸ் ஒரு இரும்புப் பெட்டி அறை. ஜன்னல் வழியே கிரேன் தெரிந்தது. நான்கு மாடி உயரம் இருக்கும். அதன் கொக்கிக்குக் கீழே ஆரோக்கியசாமி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். கிரேன் ஓடாததால் அவருக்கும் வேலை இல்லை.

அட்டையைச் சுவரில் மாட்டினேன். முத்தையா இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். முதல் வரி சரியாகச் சொன்னார். இரண்டாவது வரியும் சரி. கடைசி வரிக்கு முந்தைய வரி, நல்ல கண்ணுக்கே தயங்கும் வரி, அதையும் நிறுத்தாமல் சொன்னார். மேலே, வலது, கீழே, கீழே, இடது. ஜெபராஜ் பெருமூச்சு விட்டு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

மூன்று மாலை என் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வரிசையைக் கேட்டவர் முத்தையா. அட்டை அவருக்கு மனப்பாடம். அது எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். பொத்தாத கண்ணால் என்னைப் பார்த்தார், அதாவது என் பக்கம் திரும்பினார். அந்தக் கண்ணின் நடுவில் வெள்ளை படர்ந்திருந்தது டார்ச் இல்லாமலே தெரிந்தது.

சரி என்று சொல்லிவிடலாம். ஏழு மாதம்தான். நான் கெடுத்ததை நானே சரிசெய்த மாதிரியும் ஆகும். ஆனால் ஜன்னலுக்கு வெளியே அந்த மனிதர் கொக்கிக்குக் கீழே நின்றுகொண்டே இருந்தார். அட்டையின் மறுபக்கத்தில் வேறு வரிசை இருக்கும், வளையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெட்டு. நான் அட்டையைத் திருப்பி மாட்டினேன்.

முதல் வளையம் தட்டு அளவு பெரியது. அதில் வெட்டு எந்தப் பக்கம் என்று முத்தையாவால் சொல்ல முடியவில்லை. பிறகு கையை இறக்கினார்.

"தூரம் பிடிபடல சார், நாலு மாசமா. ஆரோக்கியம் கை காட்டுறதை வச்சுத்தான் இறக்கிட்டிருக்கேன்."

"புரைதான். ஆபரேஷன் பண்ணினா நல்லாத் தெரியும். ஆனா இப்ப ஓட்டக் கூடாது" என்றேன். என் கணீர்க் குரல் அன்றைக்கு வரவில்லை.

ஜெபராஜ் தன்னால் முடிந்ததைச் செய்தார், அதையும் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் லீவு கொடுத்து அனுப்பி, திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று யார்டு மேனேஜரிடம் மன்றாடினார். மேனேஜர் ஆங்கிலத்தில் சொன்ன பதிலை அவரே எனக்குத் தமிழில் சொன்னார். "ஆபரேட்டர் காத்திருக்கலாம், இரும்பு காத்திருக்காது." கண் பழுது என்று எழுதாமல், சொந்தக் காரணத்துக்காக விலகுவதாக எழுதிக்கொள்ளச் சம்மதித்தது மட்டும் லாபம். பத்து நாளில் விசா ரத்தாகி, முத்தையாவுக்குக் கிடைத்த டிக்கெட் நாங்கள் திரும்பும் அதே விமானத்தில்.

போதகரிடம் சொன்னபோது, "எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. வாசித்தது நான். கர்த்தரை ஏன் நடுவில் இழுக்க வேண்டும்? "ஐயா, சித்தம் என்னுடையதில்லைதான், சத்தம் என்னுடையது" என்றேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் நாங்கள் வேன், வெயில், குபூஸ் இவற்றைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம்.

தொழில்பேட்டையில் அடுத்த கேம்புக்குப் போனோம். மேசை போட்டு, அட்டை மாட்டி, ஆறு மணியிலிருந்து காத்திருந்தோம். யாரும் வரவில்லை. ஆட்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களைக் கடந்து குளிக்கப் போனார்கள். கண்ணாடிக்காரர்களிடம் கண்ணைக் காட்டினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எங்களுக்கு முன்னால் செய்தி போயிருந்தது. அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன். சோஹாரில் ஒரு கம்பெனி அழைத்திருந்ததால் இரண்டு நாள் ஓமானுக்குப் போய், அங்கே கொஞ்சம் கண்ணாடி கொடுத்தோம். கடலோர ஊர், மீன் நன்றாக இருந்தது. மிச்சமிருந்த பெட்டிகளை ஐக்கியத்தின் அலமாரியில் வைத்துப் பூட்டினோம்.

புறப்படும் நாள் காலையில் விமான நிலையத்துக்கு முத்தையாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆரோக்கியசாமி வந்தார். கயிறு போட்டுக் கட்டிய அட்டைப் பெட்டி, மேலே பெரிய எழுத்தில் பெயர். அவர் அதுவரை என்னோடு பேசியதில்லை. அன்று பேசினார்.

"நீங்க செஞ்சது நல்லதா கெட்டதான்னு எனக்குச் சொல்லத் தெரியல சார். நாலு மாசமா அவன் இறக்கின இரும்புக்குக் கீழதான் நான் நின்னேன். ஒரு கீறல் விழல. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

கடைசிக் கேள்வி முத்தையாவைப் பார்த்து. முத்தையா, "சொன்னா நீ நின்னிருப்பியா?" என்றார். இருவரும் சிரித்தார்கள். பிறகு ஆரோக்கியசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யல்லா, கிளம்பு கிளம்பு" என்று அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

விமானத்தில் அவருக்கு ஜன்னலோரம், எனக்கு அடுத்த இருக்கை. எங்கள் ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை வர வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார்" என்றார். அதற்குமேல் கேட்டால் எனக்காகக் கேட்கிற மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"வீட்ல என்ன சொல்லியிருக்கீங்க?" என்றேன்.

"லீவுன்னு சொல்லியிருக்கேன். போன்ல அவ்வளவுதான் வாய் வந்துச்சு."

திருவனந்தபுரத்தில் இறங்கி வெளியே வந்தால் மழை. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆயிரம் முகம். அவர் மனைவி வந்திருந்தார். முதல் பஸ் பிடித்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. முத்தையா என்னைக் காட்டி, "சார் கண்ணு ஆஸ்பத்திரிக்காரரு. கூடவே வந்தாரு" என்றார்.

அந்த அம்மா என்னைக் கும்பிட்டார். பிறகு கணவரின் வலது கண்ணையும் கயிறு கட்டிய பெட்டியையும் பார்த்தார். நடுவில் வந்த லீவு, பக்கத்தில் கண் ஆஸ்பத்திரிக்காரர். அவர் கணக்குப் போடுவது எனக்குப் புரிந்தது. கணவரிடம் கேட்காமல் என்னிடம் கேட்டார்.

"லீவு எத்தனை மாசம் சார்?"

முத்தையா என்னைப் பார்த்தார். போதகர் என்னைப் பார்த்தார். எனக்கு எல்லாம் தெரியும், பெயர், கம்பெனி, வியாதி, ரத்தான விசா, எல்லாம்.

"அவர்கிட்டயே கேளுங்கம்மா" என்றேன்.

முத்தையா பெட்டியைக் கீழே வைத்தார்.

"வேலை போயிருச்சு" என்றார் மனைவியிடம். "கண்ணு போகல. அதைச் சரி பண்ணிரலாமாம்."

அந்த அம்மா குடையை விரித்து, அவருடைய வலது பக்கமாக வந்து நின்றுகொண்டு, "பாத்து இறங்குங்க, படி இருக்கு" என்றார்.